சந்தனமும் அதன் சாயலும்

ஜவ்வாது என்பது ஒரு நறுமணப் பொருளின் பெயர். ஒரு மலையின் பெயரும் அதுவே. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அம்மலைக்கு நான் முதன்முறை சென்றபோது, சந்தன மரத்தின் அருகே நின்றாலே மணம் கமழும் என்று எண்ணியிருந்தேன். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். பச்சிலை வாடையே வந்தது. மணம் முழுவதும் மரத்தின் வைரத்திலும் வேரிலும் உறைந்திருப்பதைப் பின்னரே அறிந்தேன்.

சந்தனம் பிற செடிகளின் வேரிலிருந்தும் உணவை உறிஞ்சி வளரும் மரம். வைரம் பாயத் தொடங்கவே ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். எண்ணெய் நிறைவதற்கு முப்பதாண்டும் வேண்டியிருக்கும். வேரிலும் எண்ணெய் இருப்பதால், மரத்தை வேரோடு அகழ்ந்தே எடுப்பர். அரும்பொருளாகி விலை ஏறியதும் திருட்டு பெருகியது; காடுகளில் முதிர்ந்த மரங்கள் அருகின. 1998-ஆம் ஆண்டில் இது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

அப்படியாயின், கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 'சந்தன' அத்தர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வேதியியற் சாலையிலிருந்தே வருகிறது. சாண்டலோர், பாலிசாண்டால், ஜாவனால் முதலிய செயற்கைப் பொருள்களுக்கு மூலம், பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பன்டைனில் உள்ள ஒரு பொருளாகும். ஒரு மரத்தின் மணத்திற்கு வேறொரு மரம் கைகொடுக்கிறது!

நான் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். இரு காகிதத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் தூய சந்தன எண்ணெயும் மற்றொன்றில் மலிவான அத்தரும் தடவினேன். அத்தர் உடனே அறையை நிறைத்தது. எண்ணெயோ அடங்கியே இருந்தது. மறுநாள் காலையிலும் அத்தர் மாறாத ஒற்றைச் சுரமாகவே மணத்தது. எண்ணெயோ, பாலின் மென்மையும் மரத்தின் ஆழமும் கலந்து கனிந்திருந்தது. காரணம் யாது? ஆல்பா, பீட்டா என்னும் இருவகைச் சந்தலால்களே எண்ணெயின் பெரும்பகுதி. சந்தனத்தின் தனி மணம் பெரிதும் பீட்டா வகைக்கு உரியது. அவற்றுடன் சிற்றளவில் பற்பல பொருள்களும் சேர்ந்து இசைக்கின்றன.

ஆயினும் சாயலை இகழ்தல் தகாது. பாரிசின் கெர்லேன் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'சம்சாரா' என்னும் புகழ்பெற்ற வாசனைத் திரவியத்திலேயே மைசூர்ச் சந்தனமும் பாலிசாண்டாலும் இணைந்திருந்தன.

மாணவர்களே! சாயல் தன் பெயரோடு விற்கப்பட்டால் அது கலை. ஒரு மரத்தையேனும் வெட்டாமல் காக்கும் அறமும் ஆகும். 'தூய சந்தனம்' என்று பொய்ப்பெயர் பூண்டு வரும்போதுதான் அது வஞ்சகமாகிறது. குப்பியிலுள்ள பெயரைப் படித்து வாங்குவது, வாங்குவோர்க்கும் நலம். ஜவ்வாது மலையில் எஞ்சி நிற்கும் மரங்களுக்கும் நலம்.