டிட்டோ போட்டதில் காணாமல் போன 93 குடும்பங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து பத்து நாள் இருக்கும். நிவாரணப் பொருள் கொண்டுபோகும் நண்பர்கள் குழு ஒன்றிலிருந்து ஒரு கோப்பு வந்தது. கூடவே போன். "அண்ணே, மொத்தம் எத்தனை தார்ப்பாய், எத்தனை மூட்டை அரிசின்னு கூட்டிக் குடுத்துடுங்க. ராத்திரி லாரி கிளம்புது."

கோப்பு சிஎஸ்வி வகை. அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு குடும்பம், கட்டத்துக்குக் கட்டம் நடுவில் ஒரு கமா. இதைவிட எளிய வடிவம் உலகத்தில் இல்லை என்றுதான் நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பைத்தானில் நாலு வரி எழுதி ஓட்டினேன். ஒரு பிழைச்செய்தியும் இல்லை. மொத்தம் 94 குடும்பம் என்றது. கூட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி போன். "அண்ணே, நோட்டுல 187 வீடு இருக்கு. பாதிப் பேரு எங்க?"

கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆரம்ப வரிகள் இப்படி இருந்தன (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

1,முருகேசன்,புஷ்பவனம்,5,அரிசி
2,செல்வி,",4,தார்ப்பாய்
3,காளியம்மாள்,",6,அரிசி

யாரோ ஒரு தம்பி, நோட்டில் இருந்ததை அப்படியே நோட்பேடில் தட்டியிருக்கிறார். ஊர்ப்பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் கணக்கு நோட்டில் நாம் போடும் அதே டிட்டோ. மனிதக் கண்ணுக்கு அது "மேலே உள்ளதே". சிஎஸ்வி படிக்கும் நிரலுக்கு அது வேறு: "மேற்கோள் தொடங்கிவிட்டது, அடுத்த மேற்கோள் வரும்வரை கமாவையும் வரி முடிவையும் சாதா எழுத்தாக எடுத்துக்கொள்."

எடுத்துக்கொண்டது. செல்வியின் ஊர்க் கட்டம் திறந்தது. அவருடைய 4 பேர், தார்ப்பாய், வரி முடிவு, அடுத்த வரியின் 3, காளியம்மாள் எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் போய் விழுந்தன. காளியம்மாளின் டிட்டோ வந்ததும் கட்டம் மூடிக்கொண்டது. மிச்சம் 6, அரிசி. ஆக, நிரலின் கணக்கில் செல்வி வீட்டில் 6 பேர், தேவை அரிசி. காளியம்மாள் என்று ஒரு ஆளே இல்லை. கூரை போன செல்விக்குத் தார்ப்பாயும் இல்லை.

இதில் என்னைப் பயமுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஒட்டிப்போன அந்தப் பதிவிலும் எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து கட்டம். "ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டம் இருக்கிறதா" என்று நான் ஒரு சோதனை வைத்திருந்தாலும் கோப்பு முழுமதிப்பெண் வாங்கித் தேறியிருக்கும். 176 டிட்டோக்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து 93 குடும்பங்களை ஓசைப்படாமல் விழுங்கியிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், கமா கண்ட இடத்தில் வெட்டு என்கிற முட்டாள் நிரல் இந்தக் கோப்பை ஒழுங்காகப் படித்திருக்கும். ஆனால் "12/4, பிள்ளையார் கோவில் தெரு" என்றொரு முகவரி வந்தால் அது கவிழும். 1,25,000 என்று ரூபாய் எழுதினால் மூன்றாக வெட்டும். இதற்காகத்தான் மேற்கோள் என்ற ஏற்பாடே வந்தது. வந்ததும் வாசிக்கும் நிரலுக்கு ஒரு ஞாபகம் தேவைப்பட்டுவிட்டது: இப்போது மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறேனா, வெளியேவா? பெரிய கோப்பை நடுவில் திறந்து படிக்க முடியாமல் போவதும் இதனால்தான். ஒரு கமாவைப் பார்த்து அது பிரிப்பானா சாதா எழுத்தா என்று சொல்ல, முதல் வரியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

விதி எழுதி வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஆர்எஃப்சி 4180 என்று ஓர் ஆவணம் உண்டு. வந்தது 2005 அக்டோபரில். அதற்குள் சிஎஸ்வி பல பத்தாண்டு புழங்கியாகிவிட்டது. அதுவும் தகவலுக்கான ஆவணமே தவிர, கட்டாயத் தரநிலை இல்லை. அதன்படி, உள்ளே மேற்கோள் இருந்தால் கட்டத்தை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே இருப்பதை இரட்டிக்க வேண்டும். அதாவது ஒரு டிட்டோவை முறைப்படி எழுத """" என்று நாலு மேற்கோள். எந்தத் தன்னார்வலர் தட்டுவார்?

ஆஸ்கி எழுத்து வரிசையில் 28 முதல் 31 வரை நான்கு இடங்கள் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. முகவரியிலோ தொகையிலோ தவறியும் வராத குறிகள். கீபோர்டில் அவற்றுக்கு விசை இல்லை, திரையில் தெரிவதும் இல்லை, ஆகவே சீந்துவாரும் இல்லை. ஜெர்மனியில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா போடுவதால், அங்கே எக்செல் பிரிப்பதற்கு அரைப்புள்ளியைப் பயன்படுத்துகிறது. பெயர் மட்டும் அதே சிஎஸ்வி.

சரி, அன்றைய ராத்திரி. மேற்கோளுக்கு எந்த அர்த்தமும் கொடுக்காதே என்று நிரலிடம் சொல்லி, டிட்டோ வந்த இடத்தில் எல்லாம் மேலே உள்ள ஊரை நிரப்பினேன். 187. நோட்டோடு ஒத்தது. ( ," , என்று வருவதை எல்லாம் டிட்டோ என்று எடுத்துக்கொள்ளலாமே என்று இதையே எல்லாக் கோப்புக்கும் விதியாக்க நினைத்தேன். கடிதத்தில் போடுவதுபோல முகவரிக் கடைசியிலும் கமா போட்டு, அதை மேற்கோளுக்குள் வைத்த வேறொரு பட்டியல் அந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.)

திருத்திய கோப்பை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். "அண்ணே, எக்செல்ல தொறந்தா எல்லாம் பூச்சி பூச்சியா தெரியுது." படம் அனுப்பச் சொன்னேன். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், திரும்பத் திரும்ப. யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது பெரும்பாலும் ஒன்றே. எக்செல் அதைப் பழைய மேற்கத்திய எழுத்து முறை என்று எண்ணி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டியிருந்தது. தன் எழுத்து முறை என்ன என்று ஒரு சிஎஸ்வி கோப்பு எங்கேயும் சொல்வதில்லை. கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

"தெரியுதுண்ணே. செல்வி, புஷ்பவனம், 4, தார்ப்பாய். சரி, லாரில ஏத்தச் சொல்றேன்."