பவளத் துண்டுக்கு எது தரை?

டீ சொல்லியாகிவிட்டது. அது வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுவோம். செங்குன்றத்திலிருந்து பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வரை வண்ணமீன் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்குப் பவளம் பெருக்கும் தொட்டி என்றதும் முதலில் தோன்றும் கேள்வி: அடியில் என்ன போடுவது? மணலா, கூழாங்கல்லா, பவளத்தூளா? என் பதில்: தொட்டியின் அடியில் ஒன்றும் போடாதீர்கள். பவளம் எதன்மேல் ஒட்டிக்கொள்ளப் போகிறதோ, அந்தச் சின்ன வில்லையைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பவளம் ஒரு விலங்குக் கூட்டம். கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் சுண்ணாம்பு வீட்டைத் தானே கட்டுகிறது. ஒடித்த துண்டும் பிழைக்கும், ஆனால் அது அசையாமல் இருக்க வேண்டும். உறுதியாகப் பிடித்துக்கொண்ட துண்டு, முதலில் அடித்தளத்தின்மேல் மெல்லிய தோலாகப் படர்ந்து, பிறகு மேல்நோக்கிக் கிளைக்கும். ஆடிக்கொண்டே இருந்தால் அந்தத் தோல் உராய்ந்து கிழியும். ஆகவே அடித்தளத்திடம் நாம் கேட்பது இரண்டுதான்: ஆடக் கூடாது, தண்ணீரின் குணத்தைக் கெடுக்கக் கூடாது.

பவளத்துக்கு நல்ல நீரோட்டம் வேண்டும். அடியில் மணல் இருந்தால் அந்த வேகத்தில் கிளம்பிப் பவளத்தின்மேல் படியும். அதைத் தள்ளிவிடச் சளி சுரந்தே அது தன் சக்தியைச் செலவழிக்கும். கழிவும் மணலுக்குள் புகுந்து தங்கும். வெறும் கண்ணாடித் தரை என்றால் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். "பவள மணல் போட்டால் பி.எச். தானாக நிற்கும்" என்பார்கள். தொட்டி நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும்போது அந்த மணல் கரைவதே அபூர்வம். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்க வேண்டும். அதை நாம்தான் அளந்து சேர்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு கை மணல் அள்ளி வரலாமே என்று தோன்றினால், முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள். காய்ந்த மணலில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஆனால் முன்பு சொன்னபடி அது தொட்டியில் எளிதில் கரையாது. நுரைக்காமல் கிடந்தால் அது பெரும்பாலும் சிலிக்கா மணல், பவளத்துக்கு அதனால் பயனில்லை. அடுத்து ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் ஓட்டுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் அதில் இரும்புக் கனிமம் உண்டு. அந்த மணல் தொட்டிக்குள் வேண்டாம்.

இனி வில்லைக்கு வருவோம். சொரசொரப்பான பீங்கான், சுண்ணாம்புக்கல், சிமென்ட் மூன்றுமே சரி. நம் ஊர் அனுபவம் சிமென்ட்டில்தான் அதிகம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டு வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் அங்கே பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் வளர்த்துவருகிறது. 2015 முதல் வான்தீவு அருகே துளையிட்ட செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

ஆனால் புதுச் சிமென்ட்டிலிருந்து கசியும் நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். கடலில் அது கரைந்து போய்விடும். நூறு லிட்டர் தொட்டி தாங்காது. புதுச் சிமென்ட் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே மீன் விடுவது நம் வண்ணமீன் பண்ணைக்காரர்களின் வழக்கம். வில்லைக்கும் அதே பொறுமை வேண்டும். ஒரு மாதமாவது நல்ல தண்ணீரில் ஊறட்டும். பிறகு ஒரு வாளி உப்புநீரில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். பி.எச். ஏறவில்லை என்றால் வில்லை தயார். ஒட்டுவதற்குச் சயனோஅக்ரிலேட் ஜெல் பசை போதும், அது ஈரத்திலேயே இறுகும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உலைக்கசடு சும்மா கிடைக்கிறதே, அதை உடைத்துப் போடலாமா என்று கேட்கலாம். ஜப்பானின் ஜே.எஃப்.இ. ஸ்டீல் நிறுவனம் உருக்குக் கசட்டைக் கரியமில வாயுவோடு இணையவைத்துக் கட்டியாக்கி, அதன்மேல் பவளம் வளர்த்தது உண்மைதான். ஆனால் அது சுண்ணாம்பு மிகுந்த கசடு, அதைப் பக்குவப்படுத்தியும் இருக்கிறார்கள். பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலைக் கசட்டில் பெரும்பாலும் சிலிக்காதான் அதிகம், உலோகங்களும் கலந்திருக்கும். அதைத் தொடவே வேண்டாம். கம்பி வைத்த சிமென்ட் துண்டும் வேண்டாம். கம்பி துருப்பிடித்தால் சிமென்ட் வெடிக்கும். குஜராத்தின் மிதாப்பூரில் 2020-இல் இந்திய விலங்கியல் ஆய்வகமும் வனத்துறையும் இரும்புச் சட்டத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அதன்மேல் கனிமத்தைப் படியவைத்துப் பவளத் துண்டுகளைப் பொருத்தினார்கள். மின்சாரம் இல்லாத வெறும் கம்பிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கடைசியாக, மிக முக்கியமானது. பாறைப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம். முறையான அனுமதி பெற்ற ஆய்வு நிலையங்கள்தான் அவற்றைப் பெருக்கலாம். கடைக்காரர் "கிடைக்கும் சார்" என்றாலும் வாங்காதீர்கள். கடல்நீர்த் தொட்டி வேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைகளைப் பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்கு அனுப்புங்கள். முறையாகப் படித்து, அனுமதியோடு இந்த வேலைக்கு வருகிறவர்கள்தான் மன்னார் வளைகுடாவுக்கு வேண்டும்.