டோர் உலாவியும் ஜாவாஸ்கிரிப்ட் அபாயமும்

அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களில் கருக்கொண்டு, 2002-இல் வெளியுலகுக்கு வந்த டோர் என்னும் அமைப்பு, நாம் அனுப்பும் செய்தியை அடுக்கடுக்காக மறையாக்கம் செய்து, பல தேசங்களில் தொண்டர்கள் நடத்தும் மூன்று கணினிகளின் வழியே செலுத்துகிறது. முதற் கணினிக்கு அனுப்பியவர் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியில் மயங்கி, இனித் தம்மை எவரும் அறியார் என்று நிம்மதி கொள்பவர்கள், மறைவது பாதை மாத்திரமே என்பதை மறந்துவிடுகிறார்கள். பாதையின் இக்கரையில், சொந்தக் கணினியில் இயங்கும் உலாவியின் நடத்தைக்கு டோர் ஜாமீன் நிற்பதில்லை.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் வந்த பிறகு, இணையப் பக்கம் வாசிப்பதற்கான தாளாக மட்டும் இருக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலை நம் கணினியிலேயே ஓட்டிக் காட்டும் யந்திரமாகவும் ஆயிற்று. உலாவி அந்நிரலை வேலியிட்டுத்தான் ஓடவிடுகிறது. ஆனால் வேலியில் ஓட்டை விழுவதுண்டு.

2013 ஆகஸ்டில் நடந்தது இதுவே. டோருக்குள் ஒளிந்திருந்த பல தளங்களுக்கு இடமளித்த ஃப்ரீடம் ஹோஸ்டிங் என்ற சேவையின் பக்கங்களில், பராமரிப்புப் பணி நடப்பதாக ஓர் அறிவிப்பு தோன்றிற்று. அதன் மறைவில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட், டோர் உலாவிக்கு அடித்தளமான ஃபயர்ஃபாக்ஸ் 17-இன் பிழையொன்றின் வழியாக விண்டோஸ் கணினிக்குள் நுழைந்து, கணினியின் பெயரையும் வலையட்டையின் எண்ணையும் எடுத்து, டோரைச் சற்றும் தீண்டாமல் நேராக வர்ஜீனியாவிலிருந்த ஒரு சர்வருக்கு அனுப்பியது, உண்மையான ஐ.பி. முகவரி அதனோடு தானாகவே போய்ச் சேர்ந்தது. செய்தது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்பது பின்னர் அயர்லாந்து நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சிறுவர்களைச் சீரழித்த பாதகர்களைப் பிடிக்க விரித்த வலைதான். எனினும், அதே இடத்தில் இயங்கிய மின்னஞ்சல் சேவையை நாடிச் சென்ற நிரபராதிகளும் அதற்குத் தப்பவில்லை.

அந்தப் பிழைக்குரிய திருத்தம் ஜூன் மாதமே வந்துவிட்டது என்பதுதான் பரிதாபம். அப்டேட் செய்திருந்தவர் பிழைத்தார். ஆனால் 2016 நவம்பரில் வெளிப்பட்ட மற்றொரு தாக்குதலின்போது திருத்தமே பிறந்திருக்கவில்லை. பாதுகாப்பை உச்சத்தில் வைத்து ஜாவாஸ்கிரிப்டை அணைத்திருந்தவர்களே தப்பியதாகக் கருதப்பட்டது.

அப்படியானால் டோர் உலாவி அதை ஏன் இயல்பிலேயே திறந்து வைத்திருக்கிறது? அணைத்தால் பாதித் தளங்கள் முடங்கும்; சலித்துப்போனவர் சாதாரண உலாவிக்கே திரும்புவார். அன்றியும், கூட்டத்தில் ஒருவராகத் தோன்றுவதிலேயே ரகசியம் அடங்கியிருப்பதால், தன்னிஷ்டப்படி அமைப்புகளைத் திருத்துபவர் தனித்துத் தெரிவார். ஆகவே உலாவியே மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது: முதலாவதில் யாவும் ஓடும்; இரண்டாவதில் மறையாக்கமற்ற தளங்களில் நிரல் தடுக்கப்படும்; மூன்றாவதில் எங்குமே ஓடாது. உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்துள்ளவர் மூன்றாவதையன்றி வேறெதையும் நாடலாகாது என்பது என் அபிப்பிராயம்.

எந்த நிலையும் உதவாத சந்தர்ப்பமும் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர், பரீட்சையைத் தவிர்க்கும்பொருட்டு, டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை உடைக்க வேண்டிய தேவையே எழவில்லை. சற்றுமுன் பல்கலைக்கழக வைஃபையில் டோரைத் திறந்தவர் யார் என்று விசாரித்த மாத்திரத்தில் அவர் அகப்பட்டார்.