ஒரே பிரிண்டர், மூன்று இயங்குதளம்

பிரின்ட் கொடுத்தது ஒரு பக்கம்; பிரிண்டர் தள்ளுவதோ கத்தை கத்தையாகத் தாள். முதல் தாளின் உச்சியில் ஒரு சதவீதக் குறி, ஒரு ஆச்சரியக் குறி, அதையொட்டி 'பிஎஸ்' என்று இரண்டெழுத்து. கீழே தலையும் வாலும் புரியாத வரிகள். விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்திருந்த அலுவலகங்களில் ஒரு காலத்தில் இந்தக் கூத்து சகஜம். அடோபி நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிக் கட்டளைகள் அவை. அந்த மொழி தெரியாத பிரிண்டர், கட்டளைகளையே கடிதம் என்று எண்ணி அச்சடித்துவிடும்.

கேபிளோ வைஃபையோ தகவலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்; சிக்கல் அதற்குப் பிறகுதான். 600 டிபிஐ தரத்தில் ஒரு ஏ4 தாளில் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். எதில் மை விழ வேண்டும் என்று சொல்ல போஸ்ட்ஸ்கிரிப்ட், ஹெச்பியின் பிசிஎல் என்று பல மொழிகள். கம்ப்யூட்டரில் இருப்பதைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றித் தருவதுதான் டிரைவர். இயங்குதளத்துக்கு ஒன்றாக அதை எழுதியாக வேண்டும். விண்டோஸுக்கு மட்டும் எழுதிவிட்டுக் கைகழுவிய நிறுவனங்களும் உண்டு.

முதலில் பாலம் போட்டது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில், நெட்வொர்க்கில் ஓடும் தகவல் பொட்டலங்களைக் கவனித்தே இதற்கு அடித்தளம் போட்டார். யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிய பிரிண்டர், விண்டோஸுக்கும் தெரிய ஆரம்பித்தது. மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் 1999-இல் வெளியானது. 2002-இல் ஆப்பிள் அதை மேக்கில் சேர்த்துக்கொள்ள, லினக்ஸுக்கும் மேக்குக்கும் அச்சு மென்பொருள் ஒன்றாயிற்று.

அப்போதும் டிரைவர் தொல்லை விடவில்லை. அதை முடித்துவைத்தது, கப்ஸ் பயன்படுத்தும் ஐபிபி நெறிமுறை. இதில் கம்ப்யூட்டர் முதலில் 631-ஆம் போர்ட்டில் பிரிண்டரையே விசாரிக்கிறது: எந்தக் கோப்பு வடிவம் ஏற்பாய்? கலர் உண்டா? இரு பக்கமும் அச்சிடுவாயா? பதிலுக்கேற்ற பொது வடிவத்தில் பக்கம் போகிறது. தனி டிரைவர் தேவையில்லை. 2010-இல் வந்த ஆப்பிளின் ஏர்பிரின்ட்டும், ஆண்ட்ராய்டு போன்களுக்கு உதவும் மோப்ரியாவும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. 2021-இல் விண்டோஸை உலுக்கிய 'பிரின்ட் நைட்மேர்' ஓட்டை வழியாக, போலி டிரைவரை உள்ளே நுழைத்துக் கம்ப்யூட்டரையே கைப்பற்ற முடிந்தது. நிறுவனங்களின் தனி டிரைவர்களுக்குத் தரும் ஆதரவைப் படிப்படியாக விலக்கிக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் போனில் பிரிண்டர் தெரியவில்லையா? 'இங்கே பிரிண்டர் இருக்கிறதா' என்ற தேடல் பொதுவாக ரூட்டரைத் தாண்டாது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனுக்கு அலுவலகப் பிரிண்டர் தெரியாமல் போவது அதனால்தான். பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்து, போனையும் அதே நெட்வொர்க்கில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். யுஎஸ்பி மட்டுமே உள்ள பழைய பிரிண்டரையும் எடைக்குப் போட வேண்டாம். அதற்கு லினக்ஸ் டிரைவர் இருந்தால், 'ராஸ்பெர்ரி பை' என்ற சிறு கம்ப்யூட்டரில் கப்ஸ் நிறுவி, பிரிண்டரை அதில் மாட்டிவிடுங்கள். மொழிமாற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். புதிதாக வாங்குவோர், பெட்டியில் ஏர்பிரின்ட் அல்லது மோப்ரியா முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.