சிவப்புச் சுவர் குளிரை விரட்டுமா?

குளிர்காலத்துக்கு வீட்டுக் கூடத்தில் என்ன நிறம் அடிக்கலாம்? இந்தக் கேள்வியைச் சென்னையில் கேட்டால் சிரிப்பார்கள். மார்கழிக் குளிருக்கு நமக்கு ஒரு போர்வை போதும். ஸ்வீடன்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஏன் என்று தெரிந்துகொள்ள உங்கள் கையே போதும். ஒரு கையை நேராக முன்னால் நீட்டி விரல்களை மடக்குங்கள். தொடுவானத்தின் மேல் அந்த மடக்கிய கை மறைக்கும் உயரம் ஏறத்தாழ 10 டிகிரி. ஸ்வீடனில் சுண்ட்போர்ன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட அங்கே சூரியன் 6 டிகிரிக்கு மேல் ஏறாது. உங்கள் கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் உயரம்! அன்றைக்குச் சென்னையில் அது 53 டிகிரியில் நின்று மண்டையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். சுண்ட்போர்னில் அன்று பகல் சுமார் ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் விளக்கு வெளிச்சம்.

அந்தக் கிராமத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கார்ல் லார்சன் என்ற ஓவியரும் அவருடைய மனைவி காரினும் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. காரினின் அப்பா 1888இல் அவர்களுக்குக் கொடுத்த சின்ன மரவீடு அது. சாப்பாட்டு அறைக்குச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள். காரின் தானே தறியில் நெய்த துணிகளை அறையெங்கும் போட்டார். கார்ல் அந்த அறைகளை ஓவியமாக வரைந்து 1899இல் புத்தகமாக வெளியிட்டார். அதைப் பார்த்து ஊரே தன் வீட்டு நிறத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது.

வீட்டின் வெளிச்சுவர் செங்காவி நிறம். ஸ்வீடனில் எங்கே போனாலும் மரவீடுகளில் இந்த நிறத்தைப் பார்க்கலாம். பக்கத்து ஊரான ஃபாலுனில் ஒரு பழைய செப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே குவிந்த கழிவுமண்ணிலிருந்து எடுத்த சாயம் இது. 1992இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், சாயம் மட்டும் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதில் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. நம் ஊர்ச் செம்மண்ணுக்கும் காவிக்கல்லுக்கும் நிறம் தருவதும் அதேதான்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றையும் ‘சூடான நிறங்கள்’ என்றும் நீலத்தைக் ‘குளிர்ந்த நிறம்’ என்றும் ஓவிய ஆசிரியர் சொல்லியிருப்பார். அடுப்புத் தீ, கங்கு, காய்ச்சிய இரும்பு என்று நாம் பார்க்கும் சூடான பொருள்கள் பெரும்பாலும் சிவந்திருப்பதால் வந்த பழக்கம் இது. இயற்பியலோ இதற்கு நேர்மாறாகப் பேசும். எந்தப் பொருளையும் சூடாக்கிக்கொண்டே போனால் சுமார் 525 டிகிரி செல்சியஸில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். இன்னும் சூடேற்றினால் மஞ்சள், பிறகு வெள்ளை. அதற்கும் மேலே போனால் நீலம் கலந்த வெள்ளை.

இதை வானத்திலேயே பார்க்கலாம். மார்கழி இரவில் மொட்டைமாடிக்குப் போங்கள். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் சிவந்து மின்னுவது திருவாதிரை நட்சத்திரம். அதன் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின். அதே கூட்டத்தின் எதிர் மூலையில் நீலவெள்ளையாக ஒளிர்வது ரீகல், சுமார் 12,000 கெல்வின். ‘குளிர்ந்த’ நிறம் காட்டும் நட்சத்திரம்தான் மூன்று மடங்குக்கும் மேல் சூடு!

நட்சத்திரம் இருக்கட்டும். சிவப்புச் சுவர் அறையைச் சூடாக்குமா?

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு சோதனையைச் சொல்கிறார். கறுப்பு, கருநீலம், வெளிர்நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறத் துணித்துண்டுகளை வெயில் அடிக்கும் காலையில் வெண்பனியின் மேல் பரப்பி வைத்தார். சில மணி நேரத்தில் கறுப்புத் துணி பனிக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. கருநீலமும் கிட்டத்தட்ட அதே ஆழம். வெள்ளையோ வைத்த இடத்திலேயே இருந்தது. அடர் நிறம் வெயிலை நிறைய உறிஞ்சிச் சூடாகிறது, கீழே இருக்கும் பனியை உருக்குகிறது. இங்கேயும் கருநீலம் சிவப்பை முந்திவிட்டது, கவனித்தீர்களா?

ஆனால் இது வெயில் இருந்தால்தான் நடக்கும். ஆறு டிகிரிச் சூரியன் ஜன்னலைத் தொட்டும் தொடாமலும் போகிற ஊரில், சுவரின் நிறத்தால் கிடைக்கும் சூடு மிக மிகக் கொஞ்சம்.

சரி, அறைக்குள் இருக்கும் சூட்டைச் சுவரின் நிறம் கூட்டுமா, குறைக்குமா? ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி இதைப் பரிசோதிக்க ஓர் உலோகப் பெட்டியைப் பயன்படுத்தினார். 1804இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். வெந்நீர் நிரப்பிய அந்தப் பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதம். இன்று ஆய்வகங்களில் இருக்கும் லெஸ்லி பெட்டியில் ஒரு பக்கம் கறுப்புப் பெயின்ட், ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட், இன்னொரு பக்கம் பளபளக்கும் உலோகம். பளபளப்பான பக்கம் வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும். கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பத்தை வீசும்!

அறைச் சூட்டில் இருக்கும் பொருள்கள் வீசுவது அகச்சிவப்புக் கதிர்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்களுக்கு வெள்ளைப் பெயின்ட்டும் கறுப்புப் பெயின்ட்டும் ஒன்றுதான். அதனால்தான் ஐரோப்பிய வீடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குக் கவலையில்லாமல் வெள்ளை அடிக்கிறார்கள்.

மனசுக்காவது சூடாகத் தோன்றுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். சிவந்த ஒளியிலும் நீல ஒளியிலும் ஆட்களை உட்காரவைத்துக் கேட்டபோது, சில ஆய்வுகளில் சிறு வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஆக, வெப்பமானியை நம்பினால் நிறத்தால் குளிர் போகாது. கம்பளிதான் வேண்டும்.

பிறகு நிறம் எதற்கு? வெளிச்சத்துக்கு! குளிர்நாட்டு அறையில் நிறம் செய்யும் பெரிய வேலை, கிடைக்கிற கொஞ்ச ஒளியைக் கட்டிக் காப்பதுதான். ஒரு கணக்குப் போடுவோம். வெளிர் நிறச் சுவர் தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டை எதிரொளிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாக 100 பங்கு ஒளி வருகிறது. ஒரு சுவரில் பட்டு 80 ஆகிறது, அடுத்த சுவரில் பட்டு 64, அப்புறம் 51 என்று பந்தைப் போலத் தாவிக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 500 வரும். அடர் நிறச் சுவர் 20 விழுக்காடுதான் திருப்பித் தரும் என்றால்? 100, 20, 4... கூட்டினால் 125. ஒரே ஜன்னல், ஒரே சூரியன், நான்கு மடங்கு வித்தியாசம்! நிஜ அறையில் மேசை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் ஒளியைத் தின்பதால் வித்தியாசம் இவ்வளவு இருக்காது, ஆனாலும் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு ஸ்வீடன் குளிர்காலத்தில் நேர்வெயிலே கிடையாது. வானத்தின் நீலம் கலந்த ஒளிதான் வரும். லேசாக மஞ்சள் கலந்த சுவர் அந்த நீலத்தை ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். அறையின் ஒளி மெல்ல இளமஞ்சளாகிவிடும்.

எல்லாவற்றையும்விட வியப்பான விஷயம் நம் கண்ணுக்குள்தான் நடக்கிறது. செக் நாட்டு விஞ்ஞானி யான் புர்கின்யே, பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, விடியற்காலை மங்கலில் கறுத்துப்போவதையும் நீலம் முந்திக்கொண்டு தெரிவதையும் கவனித்து 1825இல் எழுதினார். காரணம் இதுதான்: நல்ல வெளிச்சத்தில் விழித்திரையின் கூம்பு செல்கள் வேலை செய்கின்றன. மங்கலில் குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய தெரியவே தெரியாது. கடையில் ‘ஆகா’ என்று வாங்கிய சிவப்புக் கம்பளம், டிசம்பர் மாலையில் அறையின் இருட்டு மூலையில் கருஞ்சாக்காகக் கிடப்பது இதனால்தான்.

சிவப்பை உயிர்ப்பிக்க விளக்கு வேண்டும், அதுவும் சரியான விளக்கு. மெழுகுவத்தி ஒளியின் நிற வெப்பநிலை (அந்த நிறத்தில் ஒளிர ஒரு பொருள் எவ்வளவு சூடாக வேண்டுமோ, அது) சுமார் 1,900 கெல்வின், பழைய குண்டு பல்புக்கு 2,700. இரண்டிலும் சிவப்பு நிறைய, நீலம் குறைவு. ஸ்வீடன்காரர்கள் டிசம்பர் மாதம் ஜன்னலுக்கு ஜன்னல் ஏழு விளக்குகள் கொண்ட தாங்கியை வைத்து ஏற்றுகிறார்கள். அந்த ஒளிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு மெத்தை கிடந்தால் அது கங்கு போலத் தெரியும்.

என்னைக் கேட்டால் சுண்ட்போர்ன் கூடத்துக்கு இப்படிச் செய்வேன்: கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெண்ணெய் நிறம், சிவப்பும் காவியும் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மெத்தைக்கும் கம்பளிக்கும் மட்டும். நான்கு சுவருக்கும் சிவப்பு அடிப்பது, வெளிச்சம் குறைந்த நாட்டில் வெளிச்சத்தைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம்.

உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்ப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘வார்ம் ஒயிட்’ என்றால் 2,700 அல்லது 3,000 கெல்வின், ‘கூல் டேலைட்’ என்றால் 6,500 கெல்வின் என்று போட்டிருக்கும். ‘வார்ம்’ என்பதற்குத்தான் குறைந்த எண்! இரண்டு வகையும் வீட்டில் இருந்தால், ஒரே சிவப்புத் துணியை இரண்டின் கீழும் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அந்தி மங்கலில் சிவப்புத் தாளையும் நீலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது பொறுங்கள். முதலில் எது கறுத்தது என்று நோட்டில் எழுதிவையுங்கள்.