கோட்டைப்பட்டினமும் அரசியல் பாடமும்

'அரசியல்' என்ற சொல் காதில் விழுந்ததும் முகத்தைச் சுளிப்பது நம்முடைய குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறியதும், "கணக்கு எடுக்கப்போகிறாயா, உயிரியல் எடுக்கப்போகிறாயா?" என்று கேட்கிறோம். இரண்டும் இல்லையென்றால் வணிகவியல். அதுவும் கைகூடாத பிள்ளைக்குத்தான் வரலாறும் அரசியல் அறிவியலும் என்று விதித்திருக்கிறோம். மார்க்குக் குறைந்தவர்கள் ஒதுங்கும் சத்திரமாக ஒரு பாடத்தை ஆக்கிவிட்டு, தேசத்தை ஆளுகிறவர்களுக்கு அறிவு போதவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொள்கிறவர்களும் நாமேதான்!

தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலை வகுப்புகள் ஏற்பட்டன. அவற்றில் மாணவர் விரும்பி எடுக்கக்கூடிய பாடங்களில் அரசியல் அறிவியலும் ஒன்று. அரசு என்பது யாது, இறையாண்மை என்பது யாது என்று தொடங்கி, அரசியலமைப்பு, சட்டமன்றம், நீதித்துறை, கூட்டாட்சி, அண்டை நாடுகளுடன் உறவு என்று இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாடம் விரிந்துகொண்டே போகிறது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் மனப்பாடம் செய்வதற்குரிய அத்தியாயங்களாகத் தோன்றலாம். ஆனால் புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரையில், கோட்டைப்பட்டினத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்படித் தோன்ற நியாயமில்லை.

பாக் நீரிணையின் கரையில் உள்ள ஊர் அது. ராவுத்தர் அப்பா தர்கா அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினத்தைப் போலவே அங்கிருந்தும் விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. இவ்வூரார் அரசியலைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. அதுவே கரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி சென்னை மாகாணத்துடன் இணைந்தபோது, இந்தக் கடற்கரை தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. கடற்கரையும் அதனுடன் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கச்சத்தீவு எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் போயிற்று. இவ்வாறு ஒரே ஆண்டில் ஊரின் நில எல்லையும் மாறியது, கடல் எல்லையும் மாறியது. மீனவர்கள் தீவுக்கு வழக்கம் போல் சென்றுவரலாம் என்று அந்த ஒப்பந்தம் கூறியது. ஒரு நாட்டார் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கலாகாது என்பது 1976-ஆம் ஆண்டின் ஏற்பாடு.

எல்லை தாண்டியதாகக் கூறிப் படகையும் ஆட்களையும் இலங்கைக் கடற்படையினர் பிடித்துப்போனால் என்ன நடக்கிறது? பெண்டு பிள்ளைகள் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார்கள். முதலமைச்சர் டில்லிக்குக் கடிதம் எழுதுகிறார். "முதலமைச்சர் ஏன் கடிதம் எழுதுகிறார்? நேரே கொழும்புடன் பேசி மீட்டுவரக் கூடாதா?" என்று பதினாறு வயதுப் பையன் ஒருவன் கேட்டால், அவன் தகப்பனார் என்ன சொல்வார்? பெருமூச்சு விடுவார். விடையோ அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆனால் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரையிலான ஆட்சிக் கடலுக்கு அப்பால் மீன் பிடிப்பது மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. அயல்நாட்டு விவகாரமும் அப்படியே. கூட்டாட்சி என்னும் அத்தியாயத்தைப் படித்த பையனுக்கு எந்த மனுவை எந்த வாசலில் கொடுப்பது என்று தெரிந்திருக்கும்.

கச்சத்தீவைக் கொடுத்தது சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியும் இருக்கிறது. பேருபாரி என்னும் வங்காளப் பகுதியைப் பாகிஸ்தானுடன் பங்கிட்டுக்கொள்ள 1958-இல் பிரதமர் நேரு இசைந்தார். நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல் சுப்ரீம் கோர்ட் கருத்துரைத்தது. அதன்படி ஒன்பதாவது திருத்தமும் நிறைவேறியது. கச்சத்தீவுக்கு அவ்விதத் திருத்தம் எதுவும் வரவில்லை. அது உரிமைத் தகராறில் இருந்த தீவு, எல்லை வகுத்தோமேயன்றி நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது மத்திய சர்க்காரின் வாதம். 2008-இல் ஜெயலலிதா இவ்விஷயத்தைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். இரு கட்சி வாதங்களையும் வகுப்பில் எடுத்துப் பேசச் சொன்னால், மேடைப் பேச்சுக்கும் சட்ட வாதத்துக்கும் உள்ள வேற்றுமை மாணவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.

இதில் கசப்பான பகுதி ஒன்றும் உண்டு. அதை மறைத்துப் பாடம் நடத்தினால் அது பிரசாரமேயன்றிப் பாடமாகாது. எதிர்க்கரையில் வலை வீசுகிறவர்களும் தமிழர்களே. நமது விசைப்படகுகள் கடலடியைச் சுரண்டும் இழுவை வலைகளால் தங்கள் மீன்களையும் வலைகளையும் நாசமாக்குகின்றன என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். இலங்கை அத்தகைய இழுவை முறையை 2017-இல் சட்டத்தால் தடுத்தது. அங்கே உயர்தர வகுப்பில் இதே பாடத்தை 'அரசியல் விஞ்ஞானம்' என்ற பெயரில் தமிழிலேயே படிக்கிறார்கள். அதைக் கலைப்பிரிவு மாணவர்கள் மதிப்புடன் எடுக்கும் பாடமாக நாம் அறிகிறோம். இரு கரைப் பிள்ளைகளும் ஒரே மொழியில் இறையாண்மையைப் பற்றிப் படிக்கிறார்கள். இடையிலுள்ள கோட்டை மட்டும் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டாரின் வழக்கையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு எந்தப் பாடத்தில் கிடைக்கும்?

எஞ்சினீயராகவும் டாக்டராகவும் போகிறவர்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டு, 1989 முதல் அது நடைமுறையில் இருந்து வருகிறது. மேல்நிலை வகுப்பு முடிகிற வயது ஏறக்குறைய அதுதான். லாகவமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவனும் பரீட்சை கொடுத்துத்தான் லைசென்ஸு வாங்க வேண்டியிருக்கிறது. வாக்குச் சீட்டுக்கு அப்படிப் பரீட்சை இல்லை, இருக்கவும் கூடாது. ஆகையால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பு அதிகமாகிறது.

அரசியல் பாடம் எடுக்கும் உபாத்தியாயர்களுக்கு நாம் ஒரு யோசனை கூறுவோம். உள்ளாட்சி அத்தியாயத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதுடன் நிறுத்திவிட வேண்டாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே சபையின் முன் வைக்கப்படும். மாணவர்களைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியவன் எவனேனும் அவர்களில் இருந்தால், எழுந்து கேள்வியும் கேட்கலாம்.