விலை தெரியாமல் கேட்டுப் பாருங்கள்

ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ வாங்க நினைப்பவர் விமர்சனங்களைப் புரட்டினால் குழம்பிப்போவார். ஒருவர் "குரலில் தேன் சொட்டுகிறது" என்று எழுதுவார். இன்னொருவர் வரைபடத்தையும் டெசிபலையும் நீட்டுவார். 1962-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பத்திரிகை காதால் கேட்டே எழுதுவது என்று கிளம்பியதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை.

நான் அளவீட்டின் பக்கம். 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன பிளாஸ்டிக் செட்டுக்கு இறங்கியது. திரைக்குப் பின்னால் வைத்ததும் அந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துவிட்டது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள்! அவர்களையே கண் ஏமாற்றியிருக்கிறது. அதற்கு முன்பே, 1980-களில் கனடாவில் நடந்த சோதனைகளில், பார்க்காமல் கேட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பியது கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதி வரை மேடுபள்ளமில்லாமல் ஒலிக்கும் ஸ்பீக்கர்களைத்தான். கண்ணை மறைத்தால் காதும் அளவுக்கருவியும் ஒத்துப்போகின்றன.

அறையின் எதிரொலியும் அவரவர் ரசனையும் அளவீட்டு எண்களுக்குள் அடங்காது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் என் கவலை வேறு. ஒலி அளவு! இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாகப் பாடினால், "சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது. "தெளிவு அதிகம், பாஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். அதனால்தான் முறையான சோதனைகளில் வோல்ட்மீட்டர் வைத்து 0.1 டெசிபலுக்குள் சமன் செய்கிறார்கள். வால்யூம் குமிழை இரண்டிலும் ஒரே இடத்தில் வைத்தால் போதாது. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் ஒலியைப் பெருக்கும் அளவு வேறு. வீட்டில் கேட்டு எழுதும் விமர்சகர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? செய்ததாக ஒரு வரியாவது எழுதுகிறார்களா? அந்த ஒரு வரி இல்லாத விமர்சனத்தை நம்பித்தான் ஒரு இளைஞன் மாதக்கணக்கில் சேர்த்த சம்பளத்தை ஸ்பீக்கர் கேபிளில் கொட்டுகிறான். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு கருவிகளையும் ஒரே ஒலி அளவில் வைக்கச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். விலையைப் பிறகு கேளுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.